பல்லை அளக்கும் ஸ்கேல்: இங்கிலாந்தில் எந்தப் பிள்ளைக்கு இலவச கிளிப்?

இங்கிலாந்தில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி எழும் குழப்பம் இது. பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு முன்பல் கொஞ்சம் கோணல். பல் டாக்டர் பார்த்துவிட்டு, பல் சீரமைப்பு நிபுணருக்குக் கடிதம் கொடுக்கிறார். ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்து போனால், நிபுணர் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலைப் பல்லருகே பிடித்துப் பார்க்கிறார். "அரசுச் செலவில் இவளுக்குக் கிளிப் கிடையாது" என்கிறார். அதே வகுப்பில் படிக்கும் தோழிக்கு ஒரு பென்னி வாங்காமல் போட்டிருக்கிறார்கள். தனியாரிடம் போட்டுக்கொள்ளலாம் என்றால் சில ஆயிரம் பவுண்ட் ஆகும்.

விசா எடுக்கும்போதே ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 776 பவுண்ட் சுகாதாரக் கட்டணம் கட்டிய பெற்றோருக்கு இது ஏமாற்றமாகத்தான் இருக்கும். பிள்ளைகளுக்குப் பல் மருத்துவம் இலவசம் என்று சொன்னார்களே, அப்புறம் ஏன் இப்படி? இதற்குப் பதில் மூன்று அடுக்காக இருக்கிறது. எதைக் 'தேவை' என்று அரசு கணக்கில் எடுத்துக்கொள்கிறது, அதற்கு எவ்வளவு பணம் ஒதுக்குகிறது, அந்த ஸ்கேல்வரை பிள்ளையை யார் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். மூன்றாவதைப் பற்றித்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை. என் பார்வையில் பெரிய அநியாயம் நடப்பதும் அங்கேதான்.

## முதலில் அடிப்படை

இங்கிலாந்தில் 18 வயதுக்குக் கீழே உள்ள எல்லாருக்கும், முழுநேரமாகப் படிப்பவராக இருந்தால் 19 வயதுக்குக் கீழும், என்எச்எஸ் என்கிற தேசிய சுகாதார சேவையில் பல் மருத்துவம் இலவசம். பரிசோதனை, சொத்தை அடைத்தல், பல் எடுத்தல் எல்லாம் இதில் வரும்.

கிளிப் போடுவது தனிக் கணக்கு. கோணலான பல்லை வரிசைக்குக் கொண்டுவருவதும், மேல்தாடையும் கீழ்த்தாடையும் சரியாகக் கடிபடச் செய்வதும் பல் சீரமைப்புத் துறையின் வேலை. இதற்குத் தனி நிபுணர்கள், தனி ஒப்பந்தம், தனி நிதி. வயது 18க்குக் கீழ் என்பது மட்டும் போதாது. மருத்துவத் தேவை இருக்கிறது என்று அளந்து காட்டவும் வேண்டும்.

## அந்த ஸ்கேல் என்ன அளக்கிறது?

1989 இல் புரூக், ஷா என்ற இரண்டு ஆய்வாளர்கள், ஸ்வீடனில் ஏற்கெனவே இருந்த ஒரு தரப் பிரிப்பை அடிப்படையாக வைத்து ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து அதை ஐஓடிஎன் என்கிறார்கள். 'பல் சீரமைப்புத் தேவைக் குறியீடு' என்று தமிழில் சொல்லலாம். 2006 ஏப்ரல் முதல், அரசுச் செலவில் யாருக்குக் கிளிப் என்பதை இதுதான் முடிவு செய்கிறது.

இதில் ஐந்து தரங்கள். 1 என்றால் குறையே இல்லை என்ற அளவு. 5 என்றால் கட்டாயம் சிகிச்சை வேண்டும். 4, 5 என்று வந்துவிட்டால் இலவச சிகிச்சைக்குத் தகுதி உண்டு. 1, 2 வந்தால் இல்லை. 3 நடுவில் மாட்டிக்கொள்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

நிபுணர் வாயைத் திறக்கச் சொல்லி ஐந்து விஷயங்களை வரிசையாகப் பார்க்கிறார்.

1. முளைக்காத பல். பிறவியிலேயே சில பற்கள் இல்லையா, அல்லது எலும்புக்குள் சிக்கி வெளியே வர வழியில்லாமல் கிடக்கிறதா? ஞானப்பல்லை இதில் சேர்ப்பதில்லை. வேறு எந்தப் பல் இப்படிச் சிக்கியிருந்தாலும் நேராக 5ஆம் தரம். உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவுடன் பிறந்த பிள்ளைகளும் 5ஆம் தரத்தில்தான் வருவார்கள்.

2. எத்துப்பல். மேல் முன்பல் கீழ் முன்பல்லைவிட எத்தனை மில்லிமீட்டர் முன்னால் நிற்கிறது? 9க்கு மேல் போனால் 5. ஆறுக்கு மேல் ஒன்பதுவரை என்றால் 4. மூன்றரைக்கு மேல் ஆறுவரை என்றால் உதட்டைப் பொறுத்து மாறும். சும்மா இருக்கும்போது உதடு தானாக மூடிக்கொண்டால் 2, மூட முடியாமல் பல் தெரிந்துகொண்டே இருந்தால் 3.

3. கடி மாறுவது. மேல் பல் வெளியேயும் கீழ் பல் உள்ளேயும் கடிபட வேண்டும். சிலருக்கு இது தலைகீழாக இருக்கும். அதனால் வாயை மூடும்போது தாடை ஒரு பக்கம் வழுக்கிப் போகும். அந்த வழுக்கல் 2 மில்லிமீட்டரைத் தாண்டினால் 4.

4. தெத்துப்பல். பக்கத்துப் பக்கத்துப் பற்கள் ஒன்றையொன்று தொட வேண்டிய இடத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கின்றன? 4 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் 4. இரண்டுக்கு மேல் நான்குவரை என்றால் 3.

5. மேல் பல் கீழ் பல்லை மூடுவது. சிலருக்குக் கீழ் முன்பல் போய் மேல் அண்ணத்தைக் குத்தும், ஈறு புண்ணாகும். அப்படியானால் 4.

இங்கே பெற்றோர் தவறவிடும் ஒரு விதி இருக்கிறது. இந்த ஐந்தையும் கூட்டிப் பார்ப்பதில்லை. இருப்பதிலேயே மோசமான ஒரே ஒரு குறைதான் தரத்தைத் தீர்மானிக்கிறது. வாய் முழுக்கச் சின்னச் சின்னக் கோணல், எல்லாம் ஒன்றரை மில்லிமீட்டர்தான் என்றால் அந்தப் பிள்ளைக்குக் கிடைப்பது 2. பார்வைக்கு அழகாக வரிசையாக இருக்கும் வாயில் ஒரு கோரைப்பல் மட்டும் எலும்புக்குள் படுத்திருந்தால் அது 5. அம்மா பார்ப்பது பிள்ளையின் சிரிப்பை. ஸ்கேல் பார்ப்பதோ, அப்படியே விட்டால் நாளைக்கு எந்தப் பல்லுக்கு ஆபத்து என்பதை. தோழிக்குக் கிடைத்து நம் பெண்ணுக்குக் கிடைக்காததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

## மூன்றாம் தரமும் பத்துப் படங்களும்

3ஆம் தரம் வந்தால் இன்னொரு சோதனை உண்டு. முன்பற்களின் பத்து நிறப்படங்கள் கொண்ட ஓர் அட்டை. முதல் படம் அழகான வரிசை. பத்தாவது படம் மிக மோசமானது. பிள்ளையின் பல் இவற்றில் எந்தப் படத்துக்கு அருகில் வருகிறது என்று நிபுணர் மதிப்பிடுகிறார். 6 அல்லது அதற்கு மேல் என்றால் இலவச சிகிச்சை உண்டு. 5 என்றால் கிடையாது.

மில்லிமீட்டரைப் போல இது துல்லியம் அல்ல. ஒருவர் கண்ணுக்கு 5ஆகத் தெரிவது இன்னொருவர் கண்ணுக்கு 6ஆகத் தெரியலாம். எல்லைக்கோட்டில் நிற்கும் பிள்ளைக்கு அந்த ஓர் எண் பல ஆயிரம் பவுண்ட் பெறும். பள்ளியில் 'பல்லன்', 'பல்லி' என்று கேலி கேட்டு, வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரிக்கப் பழகிவிட்ட பிள்ளையின் மனசு இந்தப் பத்துப் படங்களில் எங்கே வருகிறது என்று கேட்டால், அதற்கு இந்த அளவுகோலிடம் பதில் இல்லை.

இருந்தாலும், கோடு ஒன்று வேண்டும் என்பதை நான் ஏற்கிறேன். 2013 இல் இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் நடந்த குழந்தைகள் பல் நலக் கணக்கெடுப்பில், 12 வயதுப் பிள்ளைகளில் 37 சதவீதம் பேருக்குச் சிகிச்சை தேவைப்பட்டும் இன்னும் கிடைக்காத நிலை இருந்தது. ஏற்கெனவே கிளிப் போட்டிருந்தவர்கள் 9 சதவீதம்தான். தேவை இவ்வளவு இருக்கும்போது, சத்தமாகக் கேட்பவருக்கு முதலில் என்பதைவிட, பல் பாழாகப்போகும் பிள்ளைக்கு முதலில் என்பது நியாயம்.

## வரிசை ஏன் நகர்வதில்லை?

பல் சீரமைப்புக்கு அரசு கொடுக்கும் பணம் 'அலகு' கணக்கில் போகிறது. ஒரு பிள்ளையைப் பார்த்து மதிப்பிட்டால் 1 அலகு. 10 முதல் 17 வயதுவரை உள்ள பிள்ளைக்கு மதிப்பிட்டுச் சிகிச்சையும் தொடங்கினால் மொத்தம் 21 அலகு. ஒவ்வொரு நிபுணர் நிலையத்துக்கும் ஆண்டுக்கு இத்தனை அலகு என்று ஒப்பந்தத்தில் முன்கூட்டியே எழுதிவிடுகிறார்கள். அது தீர்ந்துவிட்டால், நாற்காலி காலியாக இருந்தாலும் புதுப் பிள்ளைக்கு அந்த ஆண்டு தொடங்க முடியாது. தகுதி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பல மாதம் காக்க வைப்பது இதனால்தான்.

## பத்து வயதில் ஒரு விரல்

நிபுணரிடம் நேராகப் போக முடியாது. பொதுப் பல் டாக்டர் கடிதம் தர வேண்டும். சொத்தைப் பல் இருந்தாலோ, சரியாகப் பல் துலக்காமல் ஈறு வீங்கியிருந்தாலோ கிளிப் போடமாட்டார்கள். கிளிப்பைச் சுற்றி உணவு தங்கி, கோணலைச் சரிசெய்யப் போய்ப் பல்லே கரைந்துவிடும் என்பது அதற்குக் காரணம். ஆக, பொதுப் பல் டாக்டர் இல்லாத பிள்ளைக்கு ஸ்கேலும் இல்லை, படமும் இல்லை.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மேல் கோரைப்பல் ஒன்றே போதும். முன்பற்களுக்குப் பக்கத்தில் கூராக இருக்குமே, அந்தப் பல். அது கண்ணுக்குக் கீழே உயரத்தில் உருவாகி நீண்ட தூரம் இறங்கி வருகிறது. சாதாரணமாகப் பதினொன்று, பன்னிரண்டு வயதில் வெளியே தெரியும். நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு வழி தவறி அண்ணத்துப் பக்கம் சாய்ந்து சிக்கிக்கொள்ளும்.

நல்ல பல் டாக்டர் என்ன செய்வார் என்றால், பிள்ளைக்கு ஒன்பது, பத்து வயது இருக்கும்போது மேலுதட்டைத் தூக்கி, பால் கோரைப்பல்லுக்கு மேலே ஈறின் வெளிப்பக்கம் சுண்டுவிரலை ஓட்டிப் பார்ப்பார். உள்ளே வரப்போகும் பல் ஒரு சின்னப் புடைப்பாகத் தட்டுப்பட வேண்டும். இரண்டு பக்கமும் தட்டுப்பட்டால் கவலை இல்லை. ஒரு பக்கம் தட்டுப்படாவிட்டால் எக்ஸ்ரே. ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டால், பல சமயம் பால் கோரைப்பல்லை மட்டும் எடுத்துவிட்டாலே உள்ளே இருப்பது தானாக வழிக்கு வந்துவிடும். அரை நிமிட வேலை அந்த விரல். செலவு என்று பெரிதாக எதுவும் கிடையாது.

யாரும் பார்க்காமல் விட்டால்? அந்தப் பல் பக்கத்து முன்பல்லின் வேரை அரித்துக்கொண்டே போகலாம். வெளியில் வலி இருக்காது, அடையாளமும் இருக்காது. பதினான்கு, பதினைந்து வயதில் தெரியவரும்போது ஈறைத் திறந்து அறுவைச் சிகிச்சை செய்து, சங்கிலி ஒட்டி, மாதக்கணக்கில் இழுத்துக் கொண்டுவர வேண்டும். சில பிள்ளைகள் அரிக்கப்பட்ட முன்பல்லையே இழக்கிறார்கள்.

எத்துப்பல்லுக்கும் இதே கதைதான். கீழ்த்தாடை பின்தங்கியிருந்தால் 'ட்வின் பிளாக்' என்ற கழற்றி மாட்டும் சாதனம் கொடுப்பார்கள். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் கிளார்க் 1977 இல் உருவாக்கியது. பிள்ளை வளர்ந்துகொண்டிருக்கும் காலத்தில் மாட்டினால்தான் அது நன்றாக வேலை செய்யும். வரிசையில் நின்றே அந்த வளர்ச்சிக் காலம் கழிந்துவிட்டால் பிறகு என்ன செய்வது? போதாக்குறைக்கு, முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் பல் விழுந்து அடிபட்டு உடையும் வாய்ப்பும் அதிகம்.

## பொது டாக்டர் ஏன் கிடைப்பதில்லை?

2006 ஏப்ரலில் பொதுப் பல் மருத்துவ ஒப்பந்தமும் மாறியது. அதிலும் அலகுதான். சொத்தை அடைத்தால் 3 அலகு. ஒரு பல்லை அடைத்தாலும் 3, ஆறு பல்லை அடைத்தாலும் 3! 2022 நவம்பரில்தான் மூன்று அல்லது அதற்கு மேல் அடைத்தால் 5 என்று திருத்தினார்கள். ஓர் அலகுக்குக் குறைந்தபட்சத் தொகையை 2024 இல் 28 பவுண்ட் ஆக்கினார்கள். வாய் நிறையச் சொத்தையுடன் வரும், பயந்து அழும் ஆறு வயதுப் பிள்ளையை நான்கைந்து தடவை வரவழைத்துப் பொறுமையாகப் பார்க்கும் டாக்டருக்கு இந்தக் கணக்கில் நஷ்டம்தான். டாக்டர்கள் தனியார் பக்கம் நகர்ந்ததில் ஆச்சரியம் இல்லை. இந்த ஒப்பந்தம் வந்தபோது 'இந்த டாக்டரின் நோயாளி' என்ற பதிவும் போய்விட்டது. ஒரு சிகிச்சை முடிந்ததும் உறவும் முடிந்தது. அடுத்த முறை உங்களைப் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை.

விளைவு மருத்துவமனைகளில் தெரிகிறது. இங்கிலாந்தில் 5 முதல் 9 வயதுப் பிள்ளைகள் மருத்துவமனையில் சேர்க்கப்படுவதற்கு முதல் காரணம் சொத்தைப் பல் எடுப்பது. 2022-23 நிதியாண்டில் 19 வயதுவரை உள்ளவர்களுக்கு 47 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடவை மருத்துவமனையில் பல் எடுத்திருக்கிறார்கள். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சொத்தையால் வந்தது. சின்னப் பிள்ளை என்றால் முழு மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுக்க வேண்டும்.

பால் பல்தானே, விழுந்து முளைக்கப் போவதுதானே என்று நம்மில் பலர் விட்டுவிடுகிறோம். பால் கடைவாய்ப் பல் சீக்கிரமே போய்விட்டால், பின்னால் வரும் நிரந்தரப் பல் முன்னால் சாய்ந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அங்கே முளைக்க வேண்டிய பல்லுக்கு இடம் இருக்காது. ஆறு வயதில் எடுத்த பல் பன்னிரண்டு வயதில் கோணலாகத் திரும்பி வருகிறது.

## பள்ளிக்கே போய்ப் பார்த்தால் என்ன?

பார்த்தார்கள். 1907 இல் கேம்பிரிட்ஜில் பள்ளிப் பிள்ளைகளுக்காகவே ஒரு பல் மருத்துவமனை தொடங்கியது. பின்னர் உள்ளாட்சிகளின் பள்ளிப் பல் சேவை வளர்ந்து, 1974 இல் என்எச்எஸ் கைக்கு வந்தது. எல்லாப் பிள்ளைகளையும் வரிசையில் நிறுத்தி வாயைப் பார்ப்பது 2006 வாக்கில் இங்கிலாந்தில் பெரும்பாலும் கைவிடப்பட்டது. வடமேற்கு இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளை வைத்து நடத்திய ஆய்வு, பள்ளியில் பார்த்துவிட்டுக் கடிதம் அனுப்புவதால் மட்டும் சொத்தை குறையவில்லை என்று காட்டியது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

இந்த முடிவைப் பலர் 'பள்ளிப் பரிசோதனை வீண்' என்று படிக்கிறார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. சொத்தை இருக்கிறது என்று கடிதம் கொடுத்தார்கள். அடைக்க ஆள் கொடுக்கவில்லை. தாள் எப்படிப் பல்லை அடைக்கும்?

நியூசிலாந்து வேறு வழியில் போனது. 1921 இல் வெலிங்டனில், பல் மருத்துவர் தாமஸ் ஹண்டரின் முயற்சியில், இளம் பெண்களுக்கு இரண்டு ஆண்டுப் பயிற்சி கொடுத்துப் பள்ளிப் பல் செவிலியர்களாக்கினார்கள். பள்ளி வளாகத்திலேயே அறை. சொத்தையைக் கண்டுபிடிப்பவரும் அடைப்பவரும் ஒருவரே. இந்த முறை 1949 இல் பினாங்குக்கு வந்தது. இலங்கையும் இதே வழியில் மஹரகமவில் பயிற்சிப் பள்ளி அமைத்தது. இலங்கையில் படித்து வளர்ந்த பல தமிழர்களுக்கு, பாடசாலை பற்சிகிச்சை நிலையமும் அங்கே வகுப்பு வகுப்பாகக் கூப்பிட்டதும் நினைவில் இருக்கும்.

ஆனால் நியூசிலாந்தில் பிள்ளைகளுக்கான இலவச சேவையில் கிளிப் கிடையாது. இங்கிலாந்தில் கிளிப் உண்டு, பள்ளிக்குப் போய் அடைப்பவர் இல்லை. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால், நான் பள்ளி அறையைத்தான் சொல்வேன். அங்கே ஒன்பது வயதில் ஈறைத் தடவிப் பார்க்கும் விரல் எத்தனையோ பிள்ளைகளின் கிளிப்பைச் சுலபமாக்கிவிடும்.

## பள்ளியில் பல் துலக்கும் திட்டம்

2025 மார்ச்சில் இங்கிலாந்து அரசு ஒரு திட்டத்தை அறிவித்தது. பின்தங்கிய பகுதிகளில் 3 முதல் 5 வயதுவரை உள்ள 6 லட்சம் பிள்ளைகள்வரை, மழலையர் வகுப்பிலேயே ஆசிரியர் கண் முன்னால் பல் துலக்குவார்கள். அதற்கு 1.1 கோடி பவுண்ட். "பல் துலக்குவதும் டீச்சர் வேலையா?" என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. ஸ்காட்லாந்து இதைச் 'சைல்ட்ஸ்மைல்' என்ற பெயரில் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது. போட்ட செலவைவிட, சிகிச்சையில் மிச்சமானது அதிகம் என்று கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

வீட்டில் மாற்ற வேண்டியது ஒன்றும் இதில் இருக்கிறது. துலக்கி முடித்ததும் தண்ணீர் விட்டு நன்றாக வாய் கொப்புளிப்பது நமக்குச் சின்ன வயதுப் பழக்கம். இங்கே டாக்டர்கள் சொல்வது, நுரையைத் துப்பு, கொப்புளிக்காதே. பேஸ்ட்டில் இருக்கும் ஃபுளோரைடு பல்லில் தங்க வேண்டும். மூன்று வயதுக்கு மேல் பட்டாணி அளவு பேஸ்ட், அதில் 1350 முதல் 1500 பிபிஎம் (ppm, பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) ஃபுளோரைடு இருக்கிறதா என்று டியூபின் பின்பக்கம் பார்த்து வாங்குங்கள். மூன்றுக்குக் கீழ் என்றால் லேசாகத் தடவிய அளவு, குறைந்தது 1000 பிபிஎம்.

## 'கிடையாது' என்று சொல்லிவிட்டால்

1. எந்தத் தரம் கொடுத்தார்கள், எந்தக் குறைக்காக என்று கேட்டு எழுதி வாங்குங்கள். '3ஆம் தரம், படம் 5' என்பதும் '2ஆம் தரம்' என்பதும் ஒன்றல்ல. முதலாவது எல்லைக்கோடு, இன்னொரு நிபுணரின் கருத்தைக் கேட்பதில் பொருள் இருக்கிறது.

2. பிள்ளை பத்து, பதினொன்று வயதுதான், இன்னும் பால் பற்கள் இருக்கின்றன என்றால், அது 'இப்போது இல்லை' என்ற பதிலாகவும் இருக்கலாம். பற்கள் எல்லாம் முளைத்த பிறகு தரம் மாறக்கூடும். மறுபடி எப்போது அனுப்பலாம் என்று பொது டாக்டரிடம் கேளுங்கள்.

3. மதிப்பிடும் நாளில் 18 முடிந்திருக்கக் கூடாது. பதினாறு வயதில் வரிசையில் சேர்ப்பவர்கள் காத்திருக்கும் காலத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். 18க்கு முன் தொடங்கிய சிகிச்சை அதன் பிறகும் தொடரும்.

4. தனியாரிடம் போடுவதாக முடிவு செய்தால், ரிடெய்னர் செலவும் சேர்த்துத்தானா என்று முதலிலேயே கேளுங்கள். கிளிப்பைக் கழற்றிய பிறகு பல் பழைய இடத்துக்கு ஓடாமல் பிடித்து வைப்பது அதுதான். என்எச்எஸ் சிகிச்சையிலேயே முடிந்து 12 மாதம்வரைதான் அதன் பொறுப்பு அவர்களுடையது. அதற்குப் பிறகு தொலைந்தாலும் உடைந்தாலும் உங்கள் செலவு. இரவில் போட்டுத் தூங்குவதை நிறுத்தினால் பல் மெல்ல நகரத் தொடங்கிவிடும், இருபத்தைந்து வயதிலும்கூட.